வாசற்படியோடு நின்றுபோன வீடு

நம் கிரயப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். அசல் வங்கியில் இருந்தால் நகலாவது பீரோவில் இருக்கும். சென்னையில் பெரும்பாலான பிளாட்டுகளுக்கு அந்தப் பத்திரத்தில் கிரயமாகியிருப்பது மனையின் பிரிபடாத பாகம்தான். வீட்டைக் கட்டித் தருவதற்கு பில்டரோடு தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம் இருக்கும். அந்தப் பாகம், அதாவது யூ.டி.எஸ்., எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். விற்கும்போது விலை பேச அது வேண்டும். ஆனால் அந்தப் பாகத்துக்குள் கிணறும் சம்ப்பும் கழிவுநீர்த் தொட்டியும் அடக்கம் என்பதையும், அங்கெல்லாம் நடப்பதற்கு நாமே பொறுப்பு என்பதையும் பால் காய்ச்சிய அன்றைக்கே மறந்துவிட்டோம். செருப்பு ஸ்டாண்டு வரைக்கும்தான் நம் வீடு. அந்த ஸ்டாண்டையும் பொதுப் பாதையில்தான் வைத்திருக்கிறோம் என்பது வேறு விஷயம்.

இந்த மறதிக்கு ஒரு பூர்வகதை உண்டு. நம் அப்பாவும் அம்மாவும் திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்கள். ஒரே முற்றம், ஒரே கிணறு, காலையில் வாளியோடு காத்து நிற்க ஒரே கக்கூஸ். அங்கே பொது இடத்துக்கென்று ஒருவர் இருந்தார், வீட்டுக்காரர். ராத்திரி பத்து மணிக்கு மேல் விளக்கெரிந்தால் சத்தம் போடுவார், இத்தனை வாளிக்கு மேல் தண்ணீர் இறைக்காதே என்பார், ஓடு உடைந்தால் அடுத்த மழை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பார். அவரைத் திட்டிக்கொண்டே ஒரு தலைமுறை வாழ்ந்து முடித்தது. கூரை ஒழுகினால் குறை சொல்வது நம் வேலை, சரிசெய்வது அவர் வேலை.

பிறகு பி.எஃப். பணத்தைப் புரட்டி, நகையை வைத்து, இருபது வருஷக் கடன் போட்டு பிளாட் வாங்கினோம். வீட்டோடு சேர்த்து அந்த வீட்டுக்காரரின் வேலையையும்தான் வாங்கினோம். மனசு மட்டும் குடித்தனக்காரராகவே நின்றுவிட்டது. பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் உள்ள கட்டடத்தில் பன்னிரண்டு பேருமே குடித்தனக்காரர்களாக நடந்துகொண்டால் கட்டடம் என்னவாகும்? அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சென்னைக்கு மாடி வீடுகளை வரிசையாகக் கட்டிக் காட்டியது அரசாங்கம்தான். 1947-இல் தொடங்கிய நகர மேம்பாட்டு டிரஸ்ட் 1961-இல் வீட்டு வசதி வாரியமானது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. தனியார் பிளாட்டுகள் பெருகியது அதற்கப்புறம். தி.நகரிலும் அடையாறிலும் ஆழ்வார்பேட்டையிலும் ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டில் இருந்த தனி வீட்டை இடித்துவிட்டு, நிலத்துக்காரரும் பில்டரும் பாதிக்குப் பாதி பேசி, ஆறோ எட்டோ வீடு எழுப்புவார்கள். ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. அதற்குள் எட்டுக் குடும்பத்தின் வண்டிகளும் நிற்க வேண்டும் என்றதும் முதலில் போனது கொல்லை. தென்னையை வெட்டினார்கள். கிணற்றைத் தூர்த்தார்கள், அல்லது ஸ்லாப் போட்டு மூடினார்கள். மொட்டை மாடியில் பிளானில் இல்லாத ஒரு வீடு முளைத்தது. விலை கொஞ்சம் குறைச்சலாக இருந்ததால் அதையும் வாங்க ஆள் இருந்தது. பிளான் அப்ரூவல் இருக்கிறதா என்று கேட்டோம். கட்டி முடித்தது அந்தப் பிளான்படி இருக்கிறதா என்று கேட்கவில்லை. விதிமீறிய கட்டடங்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த 1998-இல் நகரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28 வரை கட்டியவற்றுக்கு அரசு வழிவிட்டபோது, விண்ணப்பத்தோடு நின்ற வரிசையில் நாமும் நின்றோம். ஊழலைப் பற்றி அன்று சாயங்காலம் பேசியதும் நாம்தான்.

மூடிய கிணற்றுக்கு வருவோம். 2003-இல் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பு போய்விடும் என்றார்கள். நாமும் மொட்டை மாடியிலிருந்து பைப்பை இறக்கி, குழி தோண்டி, ஜல்லியும் மணலும் கொட்டினோம். அடுத்தடுத்து நல்ல மழை பெய்தபோது போர்வெல்களில் தண்ணீர் ஏறியதைக் கண்ணால் பார்த்தோம். இவ்வளவு சுலபமாகப் பலன் தந்த சட்டம் நம் வாழ்நாளில் வேறு இருக்குமா தெரியவில்லை. ஆனால் அந்தக் குழிக்கு வருஷத்துக்கு ஒருநாள் வேலை உண்டு. ஐப்பசிக்கு முன்னால் ஜல்லியை வெளியே எடுத்து அலச வேண்டும், சேர்ந்த மண்ணை வாரிவிட வேண்டும், மொட்டை மாடியைப் பெருக்கி பைப் வாயைத் துடைக்க வேண்டும். அதை யார் செய்வது என்று எந்த மீட்டிங்கிலும் பேசவில்லை. சில வருஷத்தில் குழிமேல் டைல்ஸ் பதித்து, அந்த இடத்தையும் ஒரு காருக்கு ஒதுக்கிவிட்டோம்.

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய தரை தட்டின. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வந்தது. ஐம்பது வேகன்களை டி.வி.யில் பார்த்தோம். நம் கட்டட வாசலில் தனியார் லாரி நின்றது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று டிரைவரிடம் கேட்கவில்லை. புறநகர்க் கிராமங்களில் விவசாயக் கிணறுகளில் மோட்டார் வைத்து இறைத்தது அது. பெரிய டைல்ஸ் தரையின் கீழே மண் அடைத்துக்கிடந்த நம் குழிக்குப் பதிலாக யாரோ ஒருவருடைய கிணறு வற்றியது. தெருமுனையில் பிளாஸ்டிக் குடங்களோடு விடியும்வரை காத்திருந்த பெண்களுக்கு அந்த லாரி நிற்கவும் இல்லை. மழை வந்தது. ரயிலும் நின்றது, நம் கவலையும் நின்றது. குழி இன்றும் டைல்ஸுக்கு அடியில்தான் இருக்கிறது.

அடுத்தது கம்பி. கடலோரத்தில், பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் பக்கம் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். உப்புக் காற்றும் ஈரமும் கான்கிரீட்டின் சின்னச் சின்ன விரிசல்களில் புகுந்து உள்ளே இருக்கும் கம்பியில் துரு ஏற்றும். துருப்பிடித்த இரும்பு பருக்கும். பருத்ததும் சுற்றியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். முதலில் பெயின்ட் உப்பும், பிறகு பூச்சு உதிரும், ஒருநாள் சீலிங்கில் கம்பி பல்லைக் காட்டும். அப்போதும் நாம் என்ன செய்தோம்? கொத்தனாரைக் கூப்பிட்டு மேலே ஒரு பூச்சு பூசினோம். கையில் காசு இருந்தவர்கள் ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதில் வரிசையாக விளக்கும் வைத்தோம். துரு அதற்கு மேலே தன் வேலையைத் தொடர்ந்தது. மேல்வீட்டில் பாத்ரூம் டைல்ஸை மாற்றும்போது வாட்டர்ப்ரூஃபிங்கை உடைத்துவிட்டு, கீழ்வீட்டுச் சீலிங்கில் ஈரம் படர்ந்ததும் “எங்க வீட்டுல ஒண்ணும் ஒழுகலையே சார்” என்று சொன்னவர்கள் நாம். ஒழுகுவது கீழேதான் தெரியும் என்பது நமக்கும் தெரியும்.

2021 டிசம்பர் 27-ஆம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பின் ஒரு பிளாக், 24 வீடுகளோடு அப்படியே சரிந்தது. விரிசலைப் பார்த்துச் சிலர் எல்லோரையும் முன்கூட்டியே வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை. செய்தியைப் படித்த நாம், கவர்மென்ட் கட்டடம் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம். அந்த மக்களாவது விரிசலைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நாமாக இருந்தால் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டிருப்போம். நாலு பேர் கைகூப்பியிருப்பார்கள்.

முப்பது வருஷம் தாண்டிய கட்டடங்களில் இப்போது இன்னொரு சாக்கு வந்திருக்கிறது. ரீடெவலப்மென்ட்டுக்குப் போகப்போகிறதே, எதற்கு வீண் செலவு என்கிறோம். பில்டர் வருவார், இடிப்பார், கூடுதல் சதுர அடியோடு புது வீடு தருவார் என்ற நம்பிக்கையில் வருஷக்கணக்காக லிஃப்டைப் பழுது பார்க்காத கட்டடங்கள் உண்டு. அந்தப் பில்டர் வருகிறவரை மூன்றாவது மாடியிலிருந்து டயாலிசிஸுக்குப் போய்வரும் பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்குவது யார்? கீழே காவலுக்கு இருக்கிறாரே, அவர்தான்.

அவரைப் பற்றிப் பேசாமல் இந்த வாக்குமூலம் முடியாது. கே. பாலசந்தரின் ‘எதிர்நீச்சல்’ 1968-இல் வந்தது. ஒரே வீட்டில் பல குடித்தனங்கள், மாடிப்படிக்குக் கீழே நாகேஷ். எல்லாக் குடித்தனத்துக்கும் எடுபிடி வேலை செய்து, அவர்கள் போடுகிற சோற்றைச் சாப்பிட்டுப் படிக்கிற அநாதைப் பையன், மாடிப்படி மாது. அந்தக் குடித்தனக்காரர்களின் கஞ்சத்தனத்தைப் பார்த்துத் தியேட்டரில் சிரித்த குடும்பங்கள்தாம் பிறகு பிளாட் வாங்கின. ஒண்டுக்குடித்தனத்தை விட்டு வந்தோமே தவிர, மாடிப்படிக்குக் கீழே ஒருவரை வைத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கையோடு கொண்டுவந்தோம். முதலில் அங்கே விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் இருந்தது. புருஷன் மோட்டார் போடுவார், மனைவி நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பார், பிள்ளை மீட்டர் பாக்ஸ் வெளிச்சத்தில் படிக்கும். மீட்டர் அறைக்குப் பக்கத்தில் அடுப்பெரிக்கக் கூடாது என்று அவர்களுக்குச் சொன்னோம். எங்கே எரிப்பது என்று சொல்லவில்லை.

இப்போது ஏஜென்சிக்காரர்கள் அனுப்புகிறார்கள். நேபாளம், அசாம், ஒடிசா, பீகார் என்று எங்கிருந்தோ வருகிறவர். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், மாற்று ஆள் வராத நாளில் இருபத்து நான்கு. ஏஜென்சிக்கு எவ்வளவு கட்டுகிறோம் என்பது நம் கணக்குப் புத்தகத்தில் பைசா சுத்தமாக இருக்கும். அதில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டதில்லை. எழுபது கார்களுக்கு இடம் கணக்குப் போட்ட கட்டடங்களிலும் அவருக்கும், டிரைவர்களுக்கும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களுக்கும் ஒரு கழிப்பறை இருக்காது. இருந்தால் அதில் துடைப்பமும் பழைய பெயின்ட் டப்பாவும் கிடக்கும். காலை ஆறு மணிக்கு வந்து பிற்பகல் வரை ஐந்து வீட்டில் வேலை செய்கிற அம்மா எங்கே போவார் என்று, அவர் கையால் காபி வாங்கிக் குடித்த நமக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பால்காரரும் வேலையாட்களும் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று லேமினேட் செய்து ஒட்டிய கட்டடங்களில், அந்தத் தாளைத் தாண்டித்தான் நாம் தினமும் லிஃப்டில் ஏறினோம்.

2020-இல் ஊரடங்கு வந்ததும் அந்த அம்மாக்களை கேட்டிலேயே நிறுத்தினோம். சிலர் அந்த மாதங்களுக்கும் சம்பளம் கொடுத்தோம். பலர் வராத நாளுக்கு எப்படிக் கொடுப்பது என்றோம். வருகிற போகிறவர்கள் நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் கருவியை யார் கையில் கொடுத்தோம்? கட்டடத்திலேயே குறைந்த சம்பளக்காரர் கையில்.

இதைவிடக் கனமான ஒன்று பாக்கி இருக்கிறது. பாதாளச் சாக்கடை இணைப்பு எட்டாத புறநகர்களில் கழிவுநீர்த் தொட்டி நிரம்பும், அடைத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை காலையில் செக்ரெட்டரிக்குச் செய்தி போகும், ‘ஆளை வரச்சொல்லுங்க சார்.’ கழிவுநீர் லாரியின் குழாய் எட்டாத மூலையில் கசடு இறுகியிருந்தால் அந்த ‘ஆள்’ உள்ளே இறங்குவார். மூடிக்கிடந்த தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கட்டிநிற்கும், பிராணவாயு இருக்காது. ஒருவர் மயங்கி விழுந்தால் தூக்கப் போகிறவரும் விழுவார். இப்படி இரண்டு மூன்று பேராகச் செத்த செய்திகளை நாம் ஒவ்வொரு வருஷமும் படிக்கிறோம். மனிதரைக் கழிவு அள்ள வைப்பதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். வேலைக்கு அமர்த்துகிறவர் தனியாராக இருந்தாலும் குற்றவாளிதான். இறப்புக்கு இழப்பீடு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. இத்தனையும் தெரிந்த வக்கீல்களும் ஆடிட்டர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் நம் கட்டடங்களில்தான் குடியிருக்கிறார்கள். ஆயிரம் ரூபாய் குறைவாகக் கேட்ட கான்ட்ராக்டரைக் கைகாட்டியதும் அவர்கள்தாம், அதாவது நாம்தான். உள்ளே இறங்குகிறவர் எந்தத் தெருவிலிருந்து, எந்தச் சாதியிலிருந்து வருகிறார் என்று நமக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டோம்.

வாடகைக்காரர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே சொல்வார்கள். மெயின்டனன்ஸ் கட்டுவது அவர்கள், மீட்டிங்கில் பேச முடியாததும் அவர்கள். வீடு கேட்டு வருகிறவர் முஸ்லிம் என்றாலோ, மீன் சமைப்பார் என்றாலோ, கல்யாணமாகாதவர் என்றாலோ “அசோசியேஷன் ரூல் சார்” என்று கைவிரித்தோம். நம் துணைவிதிகளைப் புரட்டினால் அப்படி ஒரு வரியே இருக்காது. கிணற்றுக்கும் கம்பிக்கும் வராத அசோசியேஷன் இதற்கு மட்டும் முன்னால் வந்து நிற்கும்.

அந்த அசோசியேஷன்தான் என்ன? 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்த ஒரு பெயர், ஒரு ரப்பர் ஸ்டாம்ப், வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு செக்ரெட்டரி. ஆண்டுப் பொதுக்குழு பத்து மணிக்கு என்று போட்டிருக்கும். கோரம் இருக்காது. அரை மணி நேரம் ஒத்திவைத்து, வந்த ஏழெட்டுப் பேரை வைத்து நடத்துவார்கள். “நான் கிரவுண்டு ஃப்ளோர், எனக்கெதுக்கு லிஃப்ட் செலவு?” என்று ஒருவர் கேட்பார். மேல்மாடிக்காரர் மொட்டை மாடி ஒழுகலைப் பற்றிப் பேசும்போது முதல் மாடிக்காரர்கள் போனை எடுத்துவிடுவார்கள். வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரரின் நிலுவை வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். கார்பஸ் ஃபண்டில் கை வைக்க யாருக்கும் மனசு வராது, அதில் போடவும் வராது. ஏதாவது தப்பாகப் போனால் செக்ரெட்டரி கமிஷன் அடித்துவிட்டார் என்போம். அவர் ராஜினாமா செய்தால் அடுத்த ஆள் கிடைக்கமாட்டார், ஆகவே கெஞ்சி உட்காரவைப்போம். சம்பளமில்லாத வீட்டுக்காரர் ஒருவரை நாமே உண்டாக்கி, நம் அப்பா தன் வீட்டுக்காரரைத் திட்டியது போலவே அவரைத் திட்டுகிறோம்.

சட்டமும் நம்மை எதிர்பார்த்து நிற்கிறது. 1994-ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டத்தின் இடத்தில் வந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்தது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும் என்கிறது அது. இதற்கு மட்டும் மீட்டிங் நிரம்பி வழிகிறது. கூடுதல் சதுர அடி, கவர்டு கார் பார்க்கிங், கிளப் ஹவுஸ் என்று பேரம் நடக்கிறது. புதுக் கட்டடத்தில் கிணறு எங்கே, காவலாளியின் கழிப்பறை எங்கே என்று பில்டரின் வரைபடத்தில் விரல் வைத்துக் கேட்டவர்கள் இருக்கலாம். நம்மில் பெரும்பாலோர் கேட்கவில்லை.

அடுத்த பொதுக்குழு நோட்டீஸை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினால், இந்தத் தடவை போவோம். வாடகைக்கு இருப்பவர்களையும் கூப்பிடுவோம். பெயின்ட் எந்த நிறம் என்ற பேச்சைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கீழே கழிப்பறை எந்த மாதத்துக்குள் கட்டி முடிப்போம், தொட்டிக்குள் மனிதரை இறக்காமல் எந்த இயந்திரத்தை வரவழைப்போம், கம்பி தெரியும் சீலிங்கை எந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டுவோம், ஐப்பசிக்கு முன் ஜல்லியை அலசுவது யார் என்ற இந்த நான்கையும் தேதியோடு தீர்மானமாக எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுவோம். செலவுக்கு நம் பங்கை அன்றைக்கே செக்காகக் கொடுத்துவிட்டு எழுந்திருப்போம்.